மூன்றாவது தட்டு

போன வாரம் அப்பா கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன சத்தம் இன்னும் அந்த வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"ஸ்டியரிங் பிடிச்சா கை ஒடிஞ்சு போயிடும் உனக்கு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனவர், சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்துவிட்டார். அது வேறு விஷயம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மனிதருக்கு ரோஷத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் சுற்ற ஏது நேரம்? ஆனால் அன்றிலிருந்து அவர் அம்மாவோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் மகளிடம் கேட்டார். மகள் அம்மாவிடம் கேட்டாள். அம்மா பக்கத்திலேயே இருந்த உப்பை எடுத்து மகளிடம் கொடுத்தாள். மகள் அதை அப்பாவிடம் நீட்டினாள்.

"நான் என்ன, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போஸ்ட் ஆபீஸா?"

உப்பு மட்டும் போய்ச் சேர்ந்தது.

மகளுக்கு வீட்டில் பெயர் டிகிரி. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். மிதித்து என்ன கண்டாள்? ஒரு கூரியர் கம்பெனியில் புகார் கேட்கிற வேலை. ஊரார் வசவையெல்லாம் காதில் மாட்டிய கருவி வழியாக வாங்கிக்கொண்டு, "சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று சர்க்கரைக் குரலில் சொல்ல வேண்டும். பகல் முழுக்க விழுங்கிய கோபத்தைச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிவைப்பாள். வாங்கிக்கொள்வதற்கு வேறு இடம் ஏது?

அம்மா இருபத்தாறு வருஷம் நெசவு மில்லில் தறி ஓட்டியவள். மில்லை மூடிவிட்டார்கள். மூடியவர் இப்போது எந்தக் கடற்கரையில் காற்று வாங்குகிறாரோ. அம்மாவுக்கு மிஞ்சியது வீங்கிய கணுக்காலும் கொஞ்சம் மந்தமாகிப்போன காதும்.

வேலை இழந்தவர்களுக்கு மறுபயிற்சி என்று ஒரு திட்டம் வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மாவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "தையல்தானே?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமலே எழுதப் போனார்.

"இல்ல சார். அந்தக் கொம்பு வண்டி."

கிடங்குகளில் பெட்டி பெட்டியாகச் சாமான் தூக்கி அடுக்குமே, ஃபோர்க்லிஃப்ட், அதற்கு அம்மா வைத்த பெயர் அது. முன்னால் இரண்டு இரும்புக் கொம்பு நீட்டிக்கொண்டிருப்பதால்.

"அது ஆம்பளைங்க ஓட்டறதும்மா. அது எதுக்கு உங்களுக்கு?"

"உக்காந்து பாக்கற வேலை சார். நான் இருபத்தாறு வருஷம் நின்னுட்டேன்."

அப்பா முதலில் அதை விளையாட்டு என்றுதான் நினைத்தார்; பயிற்சி இரண்டு மாதம் ஓடி, போன வாரம் பரீட்சைத் தேதி வந்ததும்தான் வீட்டில் கதவு அறைபட்டது. ஒரு வீட்டில் இரண்டு டிரைவரா என்பது அப்பாவின் கேள்வி. ஏன், ஒரு வீட்டில் இரண்டு வாய் இல்லையா என்று டிகிரி கேட்டுத் தொலைத்தாள். அதோடு அவரும் வாயை மூடிக்கொண்டார்.

இன்றைக்கு அம்மாவுக்குக் கடைசிப் பரீட்சை.

காலையில் கண்ணாடி முன் நின்று அம்மா தலையை இறுக்கி முடிந்துகொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து டிகிரி உதட்டை மட்டும் அசைத்தாள்: பயமா இருக்கா?

கண்ணாடிக்குள்ளிருந்து அம்மாவின் உதடு அசைந்தது: பால் பொங்குது பாரு.

பால் பொங்கித்தான் கொண்டிருந்தது.

இது அவர்கள் வீட்டுப் பாஷை. தறிக்கூடத்தில் தறி ஓடும் சத்தத்தில், பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசுவார்கள். தூரத் தறிக்காரி சிரிக்காமல் சொல்கிற ஜோக்குக்கு இந்தக் கோடியில் இருப்பவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அம்மா அந்தப் பாஷையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். டிகிரி பேசக் கற்பதற்கு முன்னாலேயே அதைப் படிக்கக் கற்றாள். அப்பாவுக்கு மட்டும் இத்தனை வருஷமாகியும் அது வரவில்லை. தன்னை வைத்துக்கொண்டே இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று அவருக்கு ஒரு தீராத சந்தேகம். சந்தேகம் பெரும்பாலும் நியாயமானதுதான்.

அந்தப் பாஷைக்குத் தறிக்கூடத்தில் ஒரு சட்டம் இருந்தது. உன்னிடம் சொல்லாததைப் படிக்காதே. கண்ணில் பட்டுவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள். படித்தேவிட்டாலும் பதில் சொல்லாதே. ரகசியம் பேசுகிறவள் புறங்கையை உதட்டின் மேல் வைத்துக்கொள்வாள், உள்ளங்கை வெளியே தெரிய. உள்ளங்கை முழுக்க எந்திர எண்ணெய் என்பதால் அப்படி. அந்தக் கை உயர்ந்துவிட்டால் அதற்குமேல் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அம்மா அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை. டிகிரி மீறாத நாளில்லை. பேருந்தில் எதிர் இருக்கைக்காரர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

செருப்பு மாட்டும்போது அப்பா வெளியிலிருந்து வந்தார். கையில் அவருடைய வேன் சீட்டு மெத்தை. ஓரம் கிழிந்து, நீலத் துணியால் ஒட்டுப்போட்டது. இடுப்பு வலிக்காக எத்தனையோ கடை ஏறி இறங்கிப் பொறுக்கி எடுத்தது. அதை யாரும் தொடக்கூட விடமாட்டார்.

மெத்தையை டிகிரியிடம் நீட்டினார்.

"உங்கம்மா குள்ளம். முதுகுக்குப் பின்னால வெச்சுக்கச் சொல்லு. இல்லேன்னா பிரேக்குக்குக் கால் எட்டாது."

"இதோ இங்கதான் நிக்கிறாங்க. நீங்களே சொல்லுங்க."

"எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு."

அம்மா உதட்டை அசைத்தாள். அப்பாவுக்குப் புரியாது என்ற தைரியத்தில்: இன்னிக்கு மனுஷன் இடுப்பு அவ்ளோதான்.

டிகிரி சிரிப்பை அடக்கினாள். அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னவாம்?" என்றார்.

"தேங்க்ஸாம்" என்றாள் டிகிரி.

*

கிடங்கு, தகரக் கூரை போட்ட ஒரு மைதானம். தரையில் மஞ்சள் கோடுகள். இரண்டு பக்கமும் இரும்புத் தூண்களில் தட்டுத் தட்டாக அடுக்கு. தரையோடு ஒன்று, அதற்கு மேல் மூன்று. மூன்றாவது தட்டை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். சுவரோரம் இரும்புப் படிக்கட்டு ஏறினால் ஒரு கண்ணாடி அறை. அங்கிருந்து பார்த்தால் கிடங்கு முழுவதும் தெரியும். கிடங்கிலிருந்து பார்த்தால் அந்த அறை முழுவதும் தெரியும். இதை மேலே இருப்பவர்கள் எப்போதும் மறந்துவிடுவார்கள்.

டிகிரி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பார்வையாளர்கள் நிற்கிற கம்பித் தடுப்புக்குப் பின்னால் மெத்தையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பரீட்சைக்கு வந்தவர்களில் அம்மாதான் ஒரே பெண். வயதிலும் அவள்தான் மூத்தவள். மற்றவர்கள் எல்லாம் மீசை இப்போதுதான் கருத்த இளவட்டங்கள். அதில் ஒருவன் கழுத்தில் இயர்ஃபோனை மாலை மாதிரி போட்டிருந்தான்.

"ஆன்ட்டி, பிரேக் இடது பக்கமா, வலது பக்கமா? மறந்துடாதீங்க."

"நீ எதிர்ல வரும்போது யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அம்மா.

மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

பரீட்சை ஒன்றும் மர்மமில்லை. பேலட் என்று ஒரு மரச்சட்டம். அதன் மேல் சோப்புப் பெட்டிகளைக் கட்டி அடுக்கியிருப்பார்கள். அதற்கடியில் கொம்பை நுழைத்துத் தூக்கி, கோட்டைத் தாண்டாமல் ஓட்டிவந்து, மூன்றாவது தட்டில் வைத்துவிட்டுப் பின்னால் வர வேண்டும். தவறினால் மொத்தம் மூன்று முயற்சி உண்டு. கேட்பதற்குச் சுலபம். ஆனால் அந்த வண்டி திரும்புவது பின்சக்கரத்தில். முன்னால் வலதுபக்கம் திரும்பினால் பின்பக்கம் இடதுபக்கம் வீசும். கதவு அறைபடுவதற்கு முன்னால், அப்பாவே ஒரு நாள் பெரிய மனதோடு வேனில் வைத்து ஓட்டக் கற்றுக்கொடுத்து, அடுத்த நாள் அம்மா இங்கே தூணில் இடித்ததுதான் மிச்சம்.

அம்மாவுக்கு இன்னொரு கோளாறும் இருந்தது. பின்னால் எடுக்கும்போது ஹாரன் அடிக்க மறந்துவிடுவாள். ஹாரனுக்குப் பதில் கையைத் தூக்குவாள். மில்லில் சத்தத்தால் யாருக்கும் எதையும் தெரிவித்துப் பழக்கமில்லை. கை தூக்கினால் கூடமே ஒதுங்கும். இங்கே யார் கையைப் பார்க்கிறார்கள்? பயிற்சியில் இதற்காக எத்தனை தடவை விசில் வாங்கினாள் என்று கேட்டால் அவளே சிரிப்பாள்.

இளவட்டங்கள் ஒவ்வொருவராக முடித்தார்கள். ஒவ்வொருவர் முடித்ததும் பயிற்சியாளர் இரும்புப் படி ஏறி மேலே போவார். மஞ்சள் மேல்சட்டை போட்ட, அதிகம் பேசாத மனிதர். மேலே கிடங்கு மேனேஜர் வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குத் திரை போட்டிருந்தது; அவர் எட்டிப் பார்க்க ஓரத்தில் ஓர் இடுக்கு மட்டும். இரண்டு பேரும் ஏதோ முடிவு செய்வார்கள். மஞ்சள் சட்டை இறங்கிவந்து சொல்வார்.

இயர்ஃபோன் தேறிவிட்டான். மூன்றாவது முயற்சியில்.

அம்மாவின் முறை வந்தது. டிகிரி தடுப்புக்கு மேலே கையை நீட்டி மெத்தையைக் கொடுத்தாள். அம்மா அதை முதுகுக்குப் பின்னால் செருகி, ஒரு தடவை அழுத்திப் பார்த்து, பெல்ட்டை மாட்டினாள்.

ஓட்டினாள். பேலட்டைத் தூக்கினாள். கோட்டைத் தாண்டவில்லை. திரும்பும்போது பின்பக்கம் வீசும் என்பது தெரிந்து, அகலமாக வளைத்துக்கொண்டு வந்தாள். அடுக்குக்கு எதிரே வண்டி நின்றது. கொம்பு மேலே ஏற ஆரம்பித்தது.

"போதும்மா. கீழ்த் தட்டிலேயே வெச்சுடுங்க" என்று ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

வெள்ளைத் தொப்பியின் குரல். அம்மா ஒரு கணம் யோசித்தாள். கொம்பை இறக்கினாள். கீழ்த் தட்டில் பெட்டிகளை வைத்தாள். எந்தத் தவறும் இல்லை. செய்வதற்கு ஒன்றுமே இல்லாதபோது தவறு எங்கிருந்து வரும்?

மஞ்சள் சட்டை படியேறினார். மேலே போனதும் முதல் வேலையாகக் கண்ணாடித் திரையைச் சுருட்டிவிட்டார். புழுக்கமாக இருந்ததோ என்னவோ. வெள்ளைத் தொப்பி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு நேராகக் கண்ணாடியைப் பார்த்தபடி பேசினார்.

டிகிரி படித்தாள். படிக்கத்தானே பிறந்திருக்கிறாள்.

*அந்தம்மாவுக்குப் பாஸ் போட்டுடு. ஒரு பொம்பளையாவது தேறணும்னு மேல இருந்து சொல்லியிருக்காங்க.*

மஞ்சள் சட்டையின் முதுகுதான் தெரிந்தது. அவர் ஏதோ கேட்டார்.

*வண்டியா? விளையாடறியா? வயசானது. வேலைக்கு எடுத்து லேபிள் ஒட்ட உக்கார வெப்போம். இல்ல, கூட்டிப் பெருக்கட்டும். ஃபோட்டோவுக்கு மட்டும் வண்டில ஏத்து.*

டிகிரிக்குக் காது மடல் சுட்டது. உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மாதமாக அம்மா மெழுகுவர்த்தி மாதிரி உருகிக் கற்றுக்கொண்டது எதற்கு? ஒரு ஃபோட்டோவுக்கு. கீழே போஸ், மேலே பேச்சு. சிரித்துக்கொண்டே குழி பறிக்கிற இந்த ஜாதி மேனேஜர்களை அவள் தினமும் காதில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

கம்பித் தடுப்பை விலக்கிக்கொண்டு ஓர் அடி வைத்தாள். நேராகப் படியேறி, அந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டியதுதான்.

அப்போது அம்மாவின் பக்கம் கண் போனது.

அம்மா வண்டியில் உட்கார்ந்தபடியே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

அதுதான் டிகிரியை நிறுத்தியது. உன்னிடம் சொல்லாததைப் படிக்காதே என்று தலையில் குட்டிக் குட்டி வளர்த்தவள், கடைசி வார்த்தை வரைக்கும் படித்துவிட்டுத்தான் கண்ணை எடுத்தாள். பிறகு, மகளைப் பார்க்காமலே, இரண்டு விரலால் தொடையில் தட்டினாள்.

மில் சைகை. உன் தறியை நீ பார்.

டிகிரி எடுத்த காலைத் திரும்ப வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியைப் பிடித்தாள். கத்தினால் என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியும். பாஸ் வந்த மாதிரியே போய்விடும். லேபிள் ஒட்டுகிற வேலையும் கிடைக்காது. மில் மூடியதிலிருந்து அம்மா ஏறி இறங்கிய வாசல்கள் எல்லாம் "வயசாயிடுச்சேம்மா" என்று சொல்லிச் சாத்திய வாசல்கள். இது ஒன்றுதான் கொஞ்சம் திறந்திருக்கிறது.

வெள்ளைத் தொப்பியே இறங்கி வந்தார். கூடவே கேமராவோடு ஓர் ஆள்.

"அம்மா, பாஸ். நல்லா ஓட்டினீங்க. அப்படியே சிரிச்ச முகமா இருங்க, ஒரு ஃபோட்டோ."

இளவட்டங்கள் கை தட்டினார்கள். இயர்ஃபோன் விசிலடித்தான். அம்மா சிரித்தாள். ஆனால் வண்டியை அணைக்கவில்லை.

"சார், மத்தவங்க எல்லாரும் மூணாவது தட்டுல வெச்சாங்க."

"அது... உங்களுக்கு அதெல்லாம் வேணாம்மா."

"ஏன் சார், நான் வைக்கப்போற சாமானெல்லாம் கீழ்த் தட்டுலயேவா இருக்கும்?"

வெள்ளைத் தொப்பி மஞ்சள் சட்டையைப் பார்த்தார். மஞ்சள் சட்டை தன் ஷூவைப் பார்த்தார்.

"ஃபோட்டோ அப்புறம் எடுக்கலாம் சார்" என்றாள் அம்மா. குரல் எப்போதும்போலக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது, காது மந்தமானவர்களின் குரல். கிடங்கு முழுக்கக் கேட்டது. "மேல வெச்சுட்டு வர்றேன். அப்ப எடுத்தா கொம்பும் சேர்ந்து படத்துல நல்லா வரும்."

"கீழ விழுந்துச்சுன்னா?"

"விழுந்தா பாஸை அழிச்சுடுங்க. நான் வீட்டுக்குப் போறேன். விழலேன்னா எனக்கு வண்டி குடுங்க. வேற எந்த வேலையும் வேணாம் சார். கூட்டிப் பெருக்கறதுன்னா அதுக்கு எதுக்கு நான் இவ்ளோ தூரம் கத்துக்கணும்?"

வெள்ளைத் தொப்பியின் முகத்தில் ஏதோ ஓடியது. தான் சொன்னதையே இவள் எப்படிச் சொல்கிறாள் என்று அவர் யோசித்திருக்க வேண்டும். மாடியையும் அம்மாவையும் ஒரு தடவை பார்த்தார். இவ்வளவு தூரத்துக்குக் குரல் கேட்க வாய்ப்பில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார் போலிருக்கிறது.

வேண்டாம்மா, என்று டிகிரி உதட்டை அசைத்தாள். கையில் இருக்கிறதையும் விட்டுடாதே. அம்மா பார்க்கவில்லை. அல்லது, அது தன்னிடம் சொன்னதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

இத்தனை பேர் முன்னால் மறுப்பதற்கு வெள்ளைத் தொப்பிக்கு வழியில்லை. "உங்க இஷ்டம்" என்று ஒதுங்கினார்.

அம்மா பெட்டிகளைக் கீழ்த் தட்டிலிருந்து எடுத்தாள். பின்னால் நகர்ந்தாள். இடது கை தானாக மேலே எழுந்தது.

விசில்.

"ஹாரன்" என்றார் மஞ்சள் சட்டை. "ஒரு முயற்சி போச்சு."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். பேலட்டை இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்கினாள். அடுக்குக்கு முன்னால் வந்து நிறுத்தி, கொம்பை ஏற்றினாள். முதல் தட்டு. இரண்டாவது தட்டு. அண்ணாந்து பார்க்கும்போது தலைக்கு மேலிருக்கிற இரும்புக் கம்பிகள் பார்வையைக் குறுக்கே வெட்டும். எது தட்டு, எது கம்பி என்று கண்ணுக்குப் பழக வேண்டும். மூன்றாவது தட்டுக்கு நேரே பெட்டிகள் போய் நின்றன. லேசாக ஆடின. அம்மா வண்டியை முன்னால் நகர்த்தினாள்.

டங்கென்று ஒரு சத்தம். பேலட்டின் மூலை தூணில் பட்டது. மேலே இருந்த ஒரு பெட்டி அரை அடி நகர்ந்து, விளிம்பில் நின்றது.

யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். யாரோ என்ன, டிகிரிதான்.

"போதும்மா, இறங்குங்க" என்றார் வெள்ளைத் தொப்பி.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார்" என்றார் மஞ்சள் சட்டை. காலையிலிருந்து அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். "எல்லாருக்கும் மூணு. அந்தப் பையனுக்கும் மூணு குடுத்தோம்."

இயர்ஃபோன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு நிமிர்ந்து, "ஆமா சார், எனக்கும் மூணு" என்றான். நல்ல பையன்தான்.

அம்மா கொம்பை இறக்கினாள். நகர்ந்த பெட்டியை இளவட்டங்கள் சரியாக அடுக்கினார்கள். அவள் உள்ளங்கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் மெத்தையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். கண்ணை மூடித் திறந்தாள். அவசரமே இல்லை. இந்த வேலையை விட்டால் வேறு வேலை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த அவசரத்தை அவள் கைக்குச் சொல்லிவைக்கவில்லை.

நேராக வந்தாள். இந்தத் தடவை அடுக்குக்கு வெகு முன்னாலேயே நிறுத்தி, சக்கரத்தை நேர் பண்ணிக்கொண்டாள். ஏற்றினாள். முதல் தட்டு, இரண்டாவது தட்டு, மூன்றாவது. நிறுத்தினாள். ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்தாள். அங்கே நின்றிருந்த எவனும் அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை. வெள்ளைத் தொப்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. ஆடி ஆடிப் பெட்டிகள் சும்மா நின்றன.

நகர்ந்தாள். எறும்பு நகர்கிற மாதிரி. இரண்டு தூணுக்கும் நடுவே பெட்டிகள் உள்ளே போயின. இறக்கினாள். மரம் இரும்பில் உட்காருகிற மெத்தென்ற சத்தம் வந்தது.

இனி பின்னால் எடுக்க வேண்டும்.

அம்மாவின் இடது கை கொஞ்சம் எழுந்தது. டிகிரி கம்பியை நசுக்கினாள். அந்தக் கை நடுவழியில் நின்று, இறங்கி, ஹாரன் மேல் விழுந்தது.

ஒரு தடவை தொட்டுவிட்டு எடுக்கிற ஹாரன் இல்லை அது. தகரக் கூரை அதிர்ந்தது. கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. இருபத்தாறு வருஷம் சத்தத்துக்குள் வாயில்லாமல் நின்றவள், தன் முறை வந்ததும் கையை எடுக்க மனமில்லாமல் அழுத்திக்கொண்டே பின்னால் வந்தாள். மஞ்சள் கோட்டுக்குள் வண்டியை நிறுத்தி, கொம்பைத் தரையில் படியவைத்து, எஞ்சினை அணைத்த பிறகுதான் கிடங்குக்குக் காது திரும்பக் கிடைத்தது.

மூன்றாவது தட்டில் பெட்டிகள் ஒன்றும் தெரியாதது மாதிரி உட்கார்ந்திருந்தன.

"இப்ப எடுங்க ஃபோட்டோ" என்றாள் அம்மா.

டிகிரிக்குக் கண் மறைத்தது. கோபத்தில் அழுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. இது கோபம் இல்லை என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் வாங்கிய பட்டத்தைச் சுவரில் மாட்டியபோது அம்மா ஏன் அத்தனை நேரம் வாய் திறக்காமல் அதன் முன்னால் நின்றாள் என்று இன்றைக்குத்தான் விளங்கியது.

வெள்ளைத் தொப்பியும் மஞ்சள் சட்டையும் மேலே ஏறினார்கள். முடிவு சொல்வதற்கு. டிகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். இப்போது மஞ்சள் சட்டை அவள் பக்கம் திரும்பியிருந்தார். உதடு அசைய ஆரம்பித்தது.

அசைந்த உதட்டின் மேல் அவர் கையை வைத்துக்கொண்டார்.

புறங்கை. உள்ளங்கை வெளியே தெரிய.

டிகிரி உறைந்து நின்றாள். அந்தக் கிடங்கில் யாருக்கும் உள்ளங்கையில் தறி எண்ணெய் இல்லை. வாயைப் பொத்துகிற யாரும் அப்படிப் பொத்த மாட்டார்கள். தறிக்கூடத்தில் பழகியவர்கள் தவிர.

அப்படியானால் கீழே நிற்கிற இருவரும் படிப்பார்கள் என்று இந்த மனிதருக்குத் தெரியும். மற்ற எல்லோருக்கும் திரை போட்டிருந்தது. அம்மாவின் முறைக்கு மட்டும் சுருட்டிவிட்டது புழுக்கத்துக்காக இல்லை. வெள்ளைத் தொப்பி என்ன பேசினார் என்பதை அம்மா பார்க்க வேண்டும் என்றுதான்.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மறந்துபோன யாரையோ அடையாளம் கண்டவள் மாதிரி முகம் வெளுத்திருந்தது. சட்டப்படி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மஞ்சள் சட்டை இறங்கிவந்தார்.

"திங்கக்கிழமை காலை ஷிஃப்ட். வண்டி இதேதான்." பிறகு டிகிரியைப் பார்க்காமல், "மெத்தையை மறக்காம எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"இங்கயே இருக்கட்டும்" என்றாள் அம்மா. "திங்கக்கிழமை வந்து தேடிட்டு இருக்க முடியாது."

*

வாசலில் பள்ளிக்கூட வேன் நின்றிருந்தது. அப்பா குனிந்து முன்சக்கரத்தை உதைத்துக்கொண்டிருந்தார். காற்று நன்றாகத்தான் இருந்தது.

"இந்தப் பக்கமா வந்தேன்" என்றார், யாரும் கேட்காமலே. "ஒரு ஹாரன் சத்தம். எவனுக்கோ கை மாட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்."

அம்மா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். டிகிரி பின்னால் ஏறினாள். தபால் வேலை இன்றோடு முடிந்தது என்று அவளுக்குப் பட்டது.

அப்பா ஸ்டியரிங்கில் கை வைத்தார். வெறும் சீட்டில் இடுப்பை ஒரு தடவை நெளித்தார். அப்புறம், போன வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக, நேராக அம்மாவிடம் கேட்டார்.

"கை ஒடிஞ்சுதா?"

"இல்ல. மெத்தைதான் போச்சு. நீங்க வேற வாங்கிக்கோங்க."

அப்பா ரோட்டைப் பார்த்தபடியே தலையாட்டினார். சிரிப்பை மீசைக்குள் அடைத்துவைக்க முயன்றார். அது நிற்கவில்லை. "மூணாவது தட்டா?" என்றார். "மூணாவது தட்டு" என்றாள் அம்மா. "பின்னால எடுக்கறப்ப?" "ஹாரன் அடிச்சேன்." "கேட்டுச்சு. ஊருக்கே கேட்டுச்சு." சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் யாரென்றே தெரியாமல் அவனிடம் கண்ணாடியை இறக்கி, "என் சம்சாரம். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்" என்றார். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் கை காட்டிவிட்டுப் போனான்.

டிகிரி முன்னால் சாய்ந்தாள். வண்டிக்குள் மாட்டியிருந்த கண்ணாடியில் அம்மாவின் முகம் தெரிந்தது. அதைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள்: அந்த மஞ்சள் சட்டை யாரும்மா?

அம்மாவின் உதடு பிரிந்தது. ஒரு பார்வை அப்பாவின் மேல் போய்த் திரும்பியது. பிறகு, மெதுவாக, அவள் புறங்கையை உதட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு இந்தப் பாஷை தெரியாது. அவரிடமிருந்து மறைப்பதற்குக் கை தேவையில்லை.

அந்தக் கை டிகிரிக்கானது. கை உயர்ந்துவிட்டால் அதற்குமேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை மீறாத நாள் ஒன்று டிகிரியின் வாழ்க்கையில் இனிமேல்தான் வர வேண்டும். திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு அம்மாவோடு அவளும் போவாள், மஞ்சள் சட்டையின் உதட்டைப் படிக்க.